கத்தி இல்லாமல் உள்ளே பார்ப்பது எப்படி?

எலும்பு முறிந்த கையின் எக்ஸ்-கதிர்ப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கறுப்புப் பின்னணியில் எலும்புகள் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். எலும்பைச் சுற்றித் தசை இருக்கிறது, நரம்பு இருக்கிறது, இரத்தக் குழாய்கள் இருக்கின்றன. ஆனால் அவை எல்லாம் படத்தில் வெறும் புகைமூட்டமாகவே காணப்படும்.

எக்ஸ்-கதிர்களை 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் என்ற பௌதிகப் பேராசிரியர் கண்டுபிடித்தார். அதே ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் தம் மனைவியின் கையை அவர் படம் பிடித்தார். விரல் எலும்புகளும் விரலில் இருந்த மோதிரமும் தெளிவாகத் தெரிந்தன. சதை மங்கலான நிழலாகவே விழுந்தது. இன்றும் சாதாரண எக்ஸ்-கதிர்ப் படத்தின் நிலை ஏறக்குறைய அதுதான்.

முறிந்த எலும்பைச் சேர்க்கும் மருத்துவருக்கு இது போதும். உயிரியல் ஆய்வாளருக்குப் போதுமா? ஒரு சிறிய தவளையின் தாடையை அசைக்கும் தசைகள் எங்கே ஒட்டியிருக்கின்றன, அதன் மூளையின் வடிவம் என்ன என்று அவர் அறிய விரும்புகிறார். கத்தியால் அறுத்துப் பார்க்கலாம். ஆனால் ஒரு தவளையை ஒருமுறைதான் அறுக்க முடியும். மேல் தசையை நீக்கினால்தான் அடியிலுள்ள தசை தெரியும். நீக்கியதை மறுபடியும் ஒட்ட வைக்க முடியாது. அந்தத் தவளையோ நூறு ஆண்டுகளாக அருங்காட்சியகத்தில் காப்பாற்றி வைத்த ஒன்று, அதைப்போல் வேறொன்று இல்லை என்றால், கத்தியை எடுக்க யாருக்கு மனம் வரும்?

அறுக்காமலே தசையையும் மூளையையும் முப்பரிமாணத்தில் பார்க்க இன்று வழி இருக்கிறது. அதன் இரகசியம் விலையுயர்ந்த கருவியில் மட்டும் இல்லை. கருவிக்குள் வைப்பதற்கு முன் அந்த உயிரினத்தின் உடலைப் பக்குவப்படுத்துவதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. அடுப்பு எவ்வளவு நன்றாக எரிந்தாலும், மாவு புளிக்காவிட்டால் இட்லி கல்லாகத்தானே வரும்? அந்தப் பக்குவத்தைப் பற்றித்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

எலும்பு தெரிகிறது, தசை ஏன் தெரிவதில்லை?

எக்ஸ்-கதிர் ஒரு பொருளின் வழியே செல்லும்போது அதில் ஒரு பகுதி அங்கேயே உறிஞ்சப்பட்டுவிடும். எவ்வளவு உறிஞ்சப்படும் என்பது அந்தப் பொருளில் உள்ள அணுக்களைப் பொறுத்தது. அணு எண் கூடக் கூட, உறிஞ்சும் திறனும் மிக வேகமாகக் கூடும்.

தசையும் மூளையும் இதயமும் பெரும்பாலும் ஹைட்ரஜன், கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய தனிமங்களால் ஆனவை. இவற்றின் அணு எண்கள் 1, 6, 7, 8. எல்லாமே இலேசான அணுக்கள். எலும்பில் கால்சியமும் பாஸ்பரசும் நிறைய உள்ளன. அவற்றின் அணு எண்கள் 20, 15. எனவே எலும்பு கதிர்களைத் தடுத்து நிறுத்துகிறது. தசை வழிவிட்டு விடுகிறது. தசை மட்டும் அன்று, மூளை, ஈரல், இரத்தம், சுற்றியுள்ள தண்ணீர் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் வழிவிடுகின்றன. ஒரே நிறச் சட்டை அணிந்த கூட்டத்தில் நண்பனைத் தேடுவதைப் போன்ற நிலை இது.

ஆயிரம் நிழல்கள், ஓர் உருவம்

எக்ஸ்-கதிர்ப் படம் ஒரு நிழல். நிழலில் முன்னால் உள்ளதும் பின்னால் உள்ளதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிடும். இதற்கு மாற்று என்ன? பல கோணங்களிலிருந்து பல நிழல்களை எடுத்து, அவற்றைக் கணக்கிட்டு உருவத்தை மீட்பதுதான். இந்த முறையில் ஒரு நோயாளியின் தலை முதன்முதலாக 1971ஆம் ஆண்டு லண்டனில் படம் பிடிக்கப்பட்டது. கருவியை அமைத்த ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், கணித முறையைத் தனியே வகுத்த கார்மாக்குக்கும் 1979ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. சி.டி. ஸ்கேன் என்று மருத்துவமனைகளில் சொல்கிறார்களே, அதுதான் இது.

1982ஆம் ஆண்டு லண்டனில் எலியட், டோவர் என்ற இருவர் இதே முறையில் மிகச் சிறிய நத்தை ஓடு ஒன்றின் உட்புறத்தை நுட்பமாகப் படம் எடுத்துக் காட்டினார்கள். இவ்வாறு சிறு பொருள்களுக்கென்று வளர்ந்த முறைக்கு மைக்ரோ சி.டி. என்று பெயர். மருத்துவமனையில் நோயாளி படுத்திருக்க, கதிர்க் குழாய் அவரைச் சுற்றி வரும். மைக்ரோ சி.டி. கருவிகளில் பெரும்பாலும் குழாய் அசையாது. மாதிரிதான் ஒரு சிறு மேடையில் மெல்லச் சுழலும். ஒவ்வொரு சிறு திருப்பத்திற்கும் ஒரு படம் என்று ஆயிரம், இரண்டாயிரம் படங்கள் எடுக்கப்படும்.

எவ்வளவு நுட்பமாகப் பார்க்கலாம்? ஒரு சுலபமான கணக்குப் போடுவோம். படத்தைப் பதிவு செய்யும் தகட்டில் குறுக்காக 2,000 புள்ளிகள் இருப்பதாகக் கொள்வோம். 2 செ.மீ. அகலமுள்ள தவளை அந்தத் தகட்டை நிறைக்கிறது என்றால், ஒவ்வொரு புள்ளியும் தவளையில் 10 மைக்ரான் அளவைக் காட்டும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் தலைமுடியின் பருமனைவிட இது பல மடங்கு சிறியது.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். நத்தை ஓடு சுண்ணாம்பால் ஆனது, தானாகவே தெரியும். தவளையின் மூளை அப்படித் தெரியாது. கருவி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் வேறுபாடு இல்லாத இடத்தில் வேறுபாட்டைக் காட்ட அதனால் முடியாது. வேறுபாட்டை நாம்தான் உண்டாக்கிக் கொடுக்க வேண்டும்.

முதல் வேலை: அழுகலை நிறுத்துதல்

உயிர் போனவுடன் உடலின் உயிரணுக்கள் தம்மைத் தாமே கரைத்துக்கொள்ளத் தொடங்கும், பாக்டீரியாக்களும் சேர்ந்துகொள்ளும். எனவே முதல் வேலை உடலை இருந்தபடியே நிலைநிறுத்துவதாகும். இதற்குப் பெரும்பாலும் ஃபார்மலின் பயன்படுகிறது. ஃபார்மால்டிஹைடு என்ற வாயு கரைந்த நீர்தான் ஃபார்மலின். இது புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். வலைபோல் பிணைந்த புரதம் குலையாது, கரையாது.

ஃபார்மலின் நாளடைவில் அமிலத் தன்மை பெறும். அமிலம் எலும்பிலுள்ள கால்சியத்தைக் கரைத்துவிடும். அதைத் தடுக்க, அமிலத்தை ஈடுகட்டும் உப்புகளை முன்கூட்டியே சேர்த்து வைப்பார்கள். பிறகு மாதிரியை நெடுங்காலம் வைத்திருக்க 70 சதவீத எத்தில் ஆல்கஹாலுக்கு மாற்றுவார்கள். நேரே மாற்றினால் உடலிலிருந்து தண்ணீர் திடீரென வெளியேறி மாதிரி சுருங்கும். ஆகவே 30 சதவீதம், 50 சதவீதம், 70 சதவீதம் என்று படிப்படியாக மாற்றுவார்கள்.

இரண்டாம் வேலை: கனமான அணுவை ஊட்டுதல்

உங்கள் பள்ளிச் சோதனைச் சாலையில் பழுப்பு நிற அயோடின் கரைசல் இருக்கும். உருளைக்கிழங்கில் ஒரு சொட்டு விட்டால் கருநீலமாகும் என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்த அயோடினேதான் இங்கே நமக்கு உதவுகிறது!

அயோடினின் அணு எண் 53. மைக்ரோ சி.டி.யில் வழக்கமாகப் பயன்படும் கதிர்களை எடைக்கு எடை ஆக்சிஜனைவிட 20 மடங்குக்கும் அதிகமாக அது உறிஞ்சும். இதை உடலுக்குள் ஊற விட்டால், தசை நிறைய உறிஞ்சிக்கொள்ளும்; மற்ற உறுப்புகள் வெவ்வேறு அளவில் உறிஞ்சும். மூளைக்குள்ளேகூட ஒரு பகுதிக்கும் மற்றொரு பகுதிக்கும் வேறுபாடு தோன்றும். ஒரே நிறச் சட்டைக் கூட்டத்தில் ஆளுக்கொரு நிறம் பூசிவிட்டது போல் ஆகிறது.

தனி அயோடின் தண்ணீரில் எளிதில் கரையாது. பொட்டாசியம் அயோடைடைச் சேர்த்தால் நன்றாகக் கரையும். இந்தக் கரைசலை 1829ஆம் ஆண்டிலேயே லூகால் என்ற பிரெஞ்சு மருத்துவர் உருவாக்கினார். அவர் நினைத்தது வைத்தியம். எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்படவே இன்னும் 66 ஆண்டுகள் இருந்தன! இப்படிச் சுலபமாகக் கிடைக்கும் சாயங்களாலேயே பலவகை உயிரினங்களின் மென்மையான உறுப்புகளை மைக்ரோ சி.டி.யில் தெளிவாகப் பார்க்க முடியும் என்பதை வியன்னாப் பல்கலைக்கழகத்தின் பிரையன் மெட்ஷர் 2009ஆம் ஆண்டு விளக்கமாகக் காட்டினார். அதன்பின் இந்த முறை வேகமாகப் பரவியது.

வேறு சாயங்களும் உண்டு. பாஸ்போடங்ஸ்டிக் அமிலத்தில் அணு எண் 74 உடைய டங்ஸ்டன் இருக்கிறது. படம் மிகத் தெளிவாக வரும். ஆனால் அதன் மூலக்கூறு பெரியது. மெல்ல மெல்லத்தான் உள்ளே நுழையும். ஆகவே சிறு கருக்களுக்கும் பூச்சிகளுக்கும் அது பொருத்தமானது. ஆஸ்மியம் டெட்ராக்சைடும் நல்ல சாயம்தான். ஆனால் கடும் நஞ்சு. அதன் ஆவி கண்ணைக் கெடுத்துவிடும். அயோடின் மலிவு, ஓரளவு பாதுகாப்பானது, வேகமாக உட்புகுவது. அதனால்தான் அதற்கு இவ்வளவு வரவேற்பு.

ஊறும் காலம்

சாயத்தில் எவ்வளவு நாள் ஊற வைப்பது? இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். தானாகப் பரவி உள்ளே செல்லும் பொருளுக்கு ஒரு விதி உண்டு: இரண்டு மடங்கு ஆழம் செல்ல ஏறத்தாழ நான்கு மடங்கு காலம் வேண்டும். மூன்று மடங்கு ஆழத்திற்கு ஒன்பது மடங்கு காலம். ஒரு மில்லிமீட்டர் ஊற ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால், ஐந்து மில்லிமீட்டருக்கு ஐந்து நாள் போதாது. இருபத்தைந்து நாள் ஆகும்!

அவசரப்பட்டு முன்பே எடுத்தால், வெளித்தசை பளிச்சென்றும் நடுப்பகுதி வெறுமையாகவும் தெரியும். அந்த வெறுமையை உறுப்பு இல்லாத இடம் என்று தவறாக எண்ணிவிடவும் கூடும். கரைசலின் நிறம் வெளுத்தால் மாதிரி அதைக் குடித்துவிட்டது என்று பொருள். புதுக் கரைசல் ஊற்ற வேண்டும். பூச்சிகளுக்கு வேறொரு சிக்கல். அவற்றின் கடினமான மேல்தோல் சாயத்தை உள்ளே விடாது. ஒரு காலை நீக்கியோ, ஊசியால் சிறு துளையிட்டோ வழி செய்து கொடுப்பார்கள்.

மாவடு போலச் சுருங்கினால்?

உப்பில் போட்ட மாவடு சுருங்குவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அயோடின் கரைசலில் ஊறிய தசையும் மூளையும் அப்படியே சுருங்குகின்றன. கரைசல் அடர்த்தியாக இருந்தால் சுருக்கமும் அதிகம். படம் என்னவோ அழகாகவே இருக்கும். ஆனால் அதில் அளக்கும் மூளையின் அளவு உயிரோடிருந்த விலங்கின் மூளையின் அளவு ஆகாது. தெளிவான படம் பொய் சொல்வது மங்கலான படம் பொய் சொல்வதைவிட ஆபத்தானது. ஏனென்றால் அதை எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

மாவடுவைப் போல இங்கேயும் உப்பின் அடர்த்திதான் காரணம் என்று வெகுநாள் எண்ணியிருந்தனர். 2021ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு முக்கியக் காரணம் வேறு என்று காட்டியது. ஊறும்போது கரைசல் அமிலமாக மாறுகிறது. அந்த அமிலமே திசுக்களைச் சுருக்குகிறது. அமிலத்தை ஈடுகட்டும் உப்புகளைக் கலந்து கொடுத்தபோது சுருக்கம் ஏறக்குறைய நின்றுவிட்டது. படத்தின் தெளிவும் குறையவில்லை. ஃபார்மலினில் எலும்பைக் காப்பாற்றிய அதே உபாயம் இங்கே தசையைக் காப்பாற்றுகிறது, பாருங்கள்!

அசையாமல் அமர வேண்டும்

சாயம் ஊறிய தவளையை மேற்புறம் கழுவி, ஈரம் காயாதபடி ஒரு பிளாஸ்டிக் குழாயில் அடைப்பார்கள். காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் அசையும். ஒரு முழு ஸ்கேன் அரை மணி முதல் பல மணி நேரம் வரை ஓடலாம். அந்த நேரத்தில் மாதிரி ஒரு தலைமுடியின் பருமன் அளவு நகர்ந்தாலும் படம் இரட்டையாகக் கலங்கிவிடும். எனவே அகர் கூழிலோ, தெர்மோகோல் போன்ற நுரைப்பொருளிலோ அதைப் பதித்து வைப்பார்கள். தெர்மோகோலில் பெரும்பகுதி காற்றுதான். எக்ஸ்-கதிருக்கு அது இல்லாதது போலவே.

சில சிறு பூச்சிகளைச் சாயமின்றி உலர்த்தியே படம் எடுப்பதுண்டு. ஆனால் வெயிலில் உலர்த்தக் கூடாது. நனைந்த தூரிகையின் மயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது போல, உலரும் நீரின் இழுவிசை மென்மையான பாகங்களைச் சேர்த்து நசுக்கிவிடும். ஆகவே நீருக்குப் பதில் ஆல்கஹாலையும், பின்பு திரவக் கார்பன் டை ஆக்சைடையும் புகுத்துவார்கள். 31 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல், சுமார் 73 மடங்கு காற்றழுத்தத்தில், அந்தத் திரவத்திற்கும் வாயுவிற்கும் வேறுபாடே இல்லாமல் போய்விடும். அந்நிலையில் அழுத்தத்தை மெல்லக் குறைத்தால் இழுவிசை இன்றியே மாதிரி உலர்ந்துவிடும்.

திரும்பக் கிடைக்காத பதின்மூன்று

டாஸ்மேனியப் புலி என்று ஒரு பிராணி ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவில் இருந்தது. முதுகில் கோடுகள் இருந்ததால் புலி என்றார்கள். உண்மையில் அது கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டியை வளர்க்கும் இனம். கடைசியாக அறியப்பட்ட ஒன்று 1936ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் ஹோபார்ட் நகர விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தது. உலக அருங்காட்சியகங்களில் அதன் பைக்குட்டிகள் என்று பெயரிட்டு வைத்திருந்தவை 13 மட்டுமே.

மெல்போர்ன் ஆய்வாளர்கள் அந்தப் பதின்மூன்றையும் மைக்ரோ சி.டி.யில் வைத்துப் பார்த்து, 2018ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டார்கள். எலும்புகள் சாயமின்றியே தெரியும் அல்லவா? பிறந்தவுடன் மற்றப் பை விலங்குகளின் குட்டியைப் போலவே இருந்து, பையை விட்டு வெளிவரும் பருவத்தில்தான் நாயைப் போன்ற உருவம் பெறுகிறது என்று தெரிந்தது. இன்னொரு வியப்பும் காத்திருந்தது. பதின்மூன்றில் இரண்டு டாஸ்மேனியப் புலிக் குட்டிகளே அல்ல! இடுப்பெலும்பின் முன்னே, டாஸ்மேனியப் புலியில் எலும்பாக வளராத ஒரு பாகம் அவற்றில் எலும்பாகவே இருந்தது. ஜாடியின் மேல் ஒட்டிய சீட்டு அத்தனை காலமும் தவறாக இருந்திருக்கிறது. ஒரு கீறலும் இல்லாமல் இந்த உண்மை வெளிவந்தது.

இதே இனத்தின் மற்றொரு செய்தி இதைவிட முக்கியமானது. மெல்போர்ன் அருங்காட்சியகத்தில் நூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்த ஒரு குட்டி ஆல்கஹாலில் வைக்கப்பட்டிருந்தது. ஃபார்மலின் டி.என்.ஏ.வையும் பிணைத்துச் சிதைக்கும். ஆல்கஹால் அப்படிச் செய்வதில்லை. அதனால்தான் அந்தக் குட்டியிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து அதன் முழு மரபுத் தொகுதியையும் படிக்க முடிந்தது. 2017ஆம் ஆண்டு இறுதியில் அது வெளியாயிற்று. அந்தக் குட்டியை ஜாடியில் போட்டவருக்கு டி.என்.ஏ. பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் அவர் தேர்ந்தெடுத்த திரவம் ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்தவர்களுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தது.

எனவேதான் இன்று ஒரு மாதிரியைப் பக்குவப்படுத்துபவர் சாயத்தை எடுக்குமுன் யோசிக்கிறார். சாயமின்றியே கேள்விக்கு விடை கிடைக்குமா என்று முதலில் பார்க்கிறார். கிடைக்காவிட்டால், இயன்ற அளவு நீர்த்த கரைசலை எடுக்கிறார். வேலை முடிந்ததும் சோடியம் தயோசல்பேட் கரைசலில் வைத்துப் பழுப்பு நிறத்தைப் போக்குகிறார். இது வேறொன்றும் இல்லை, புகைப்பட இருட்டறைகளில் பயன்பட்ட ‘ஹைப்போ’தான். அது அயோடினை நிறமற்ற அயோடைடாக மாற்றும். பிறகு அதைக் கழுவி எடுக்கலாம். நிறம் போய்விடும், ஆனால் சுருங்கியது முழுவதும் விரியாது. அதனால் எந்தத் திரவத்தில், எத்தனை நாள், எந்த அடர்த்தியில் ஊறியது என்று எழுதி ஜாடியோடு வைக்கிறார். நாளை வருபவர் அளக்கும்போது அந்தச் சீட்டுதான் அவருக்கு வழிகாட்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

எக்ஸ்-கதிர்க் கருவி இல்லாமலே ஊறும் விதியை நீங்கள் சோதிக்கலாம். உருளைக்கிழங்கிலிருந்து 3 செ.மீ. கனசதுரங்கள் மூன்றை வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பங்கு டிங்க்சர் அயோடினுடன் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, மூன்று கண்ணாடிக் குவளைகளில் துண்டுகள் நன்றாக மூழ்கும்படி ஊற்றுங்கள். உலோகப் பாத்திரம் வேண்டாம். அயோடின் அதை அரிக்கும். முதல் துண்டை ஒரு மணி நேரத்திலும், இரண்டாவதை நான்கு மணி நேரத்திலும், மூன்றாவதை ஒன்பது மணி நேரத்திலும் எடுத்துக் கழுவி, நடுவில் இரண்டாக வெட்டுங்கள். கருநீலம் எத்தனை மில்லிமீட்டர் உள்ளே சென்றிருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். 1, 4, 9 என்ற விகிதத்தில் ஆழம் கூடுகிறதா? 1, 2, 3 என்று கூடுகிறதா? மூன்றாவது குவளையில் கரைசலின் நிறம் வெளுத்திருக்கிறதா? வெளுத்திருந்தால் ஆழம் குறைவாக இருப்பதன் காரணத்தை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

ஆசிரியர் அல்லது பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். அயோடின் துணியில் கறை உண்டாக்கும், உட்கொண்டால் நஞ்சு. கிழங்கைச் சோதனை முடிந்ததும் எறிந்துவிடுங்கள். எழுதிய கணக்கைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.